முத்திரையிடும் நொதிகள்

திருநின்றவூர் தொடர்வண்டி நிலையத்தில் காலைதோறும் காணக்கூடிய காட்சி ஒன்றுண்டு. சென்னை நோக்கிச் செல்லும் மின்தொடர்வண்டி நடைமேடைக்குள் நுழைகிறது. கல்லூரி மாணவி ஒருத்தி அப்போதுதான் மேம்பாலப் படியேறத் தொடங்கியிருக்கிறாள். வண்டியின் ஒலி செவியில் பட்டதும் அவள் கால்கள் விரைகின்றன. மனத்துக்குள்ளேயே கோயில் எழுப்பிய பூசலார் நாயனாரின் ஊர் இது. கண்ணுக்குப் புலப்படாத பணியொன்று அம்மாணவியின் தசைக்குள்ளும் அந்நொடியில் நடந்தேறுகிறது.

பரபரப்பு எழுந்தவுடன் அட்ரினலின் என்னும் இயக்குநீர் குருதியில் கலக்கிறது. தசைச் செல்களில் கிளைக்கோஜன் என்ற வடிவில் சர்க்கரை சேமிக்கப்பட்டுள்ளது. அதனை உடைத்துப் பயன்பாட்டுக்குக் கொண்டுவரும் நொதி பாஸ்பாரிலேஸ். இந்நொதி தசையில் எப்போதும் உள்ளது. ஆயினும் ஓய்வுநேரத்தில் பெரும்பாலும் செயலற்றிருக்கிறது. அதனை எழுப்புவது எது? அமெரிக்காவின் சியாட்டில் நகரில் ஆய்வு செய்த எட்மண்ட் ஃபிஷர், எட்வின் கிரெப்ஸ் ஆகிய இருவரும் 1955இல் இதற்கு விடை கண்டனர். மற்றொரு நொதி வந்து பாஸ்பாரிலேஸின்மீது பாஸ்பேட் தொகுதி ஒன்றை ஒட்டுகிறது. 800க்கும் மேற்பட்ட அமினோ அமிலங்கள் கோத்த அந்நீண்ட சங்கிலியில், 14ஆவது இடத்திலுள்ள செரின்மீது ஒரேயொரு பாஸ்பேட், அவ்வளவே. உறங்கிய நொதி விழித்துக்கொள்கிறது.

அஞ்சலகத்தில் குத்தும் முத்திரை உறையின் வடிவத்தை மாற்றுவதில்லை. இம்முத்திரையோ புரதத்தையே வளைத்துவிடுகிறது. பாஸ்பேட் எதிர்மின்சுமை உடையது. அருகிலுள்ள நேர்மின்சுமைகளை அது தன்பால் ஈர்ப்பதால் சங்கிலியின் மடிப்பு மாறுகிறது. மடிப்பு மாறினால் பணியும் மாறும். இவ்வாறு பாஸ்பேட்டை ஒட்டும் நொதிகள் கைனேஸ்கள் எனப்படும். மனித உடலில் இவை 500க்கும் மேற்பட்டவை. ஒட்டியதை நீக்கும் நொதிகள் பாஸ்படேஸ்கள். ஒட்டுவது எத்துணை இன்றியமையாததோ, உரிய நேரத்தில் நீக்குவதும் அத்துணை இன்றியமையாதது. ஃபிஷர், கிரெப்ஸ் இருவருக்கும் 1992இல் நோபல் பரிசு வழங்கப்பட்டது.

ஒட்டப்படும் பாஸ்பேட் எங்கிருந்து வருகிறது? ஏடிபி என்னும் மூலக்கூறிலிருந்து வருகிறது. அதனைக் கண்டறிந்தவர்களுள் ஒருவர் சென்னை மருத்துவக் கல்லூரியில் பயின்றவர். எல்லாப்பிரகட சுப்பாராவ் என்னும் அவர், விடுதலைப் போராட்டக் காலத்தில் கதராடை அணிந்து அறுவைப் பயிற்சிக்கு வந்ததால் பேராசிரியரின் சினத்துக்கு ஆளானார். முழுமையான மருத்துவப் பட்டத்துக்கு மாறாக அதனினும் குறைந்த சான்றிதழே அவருக்குக் கிட்டியது. பின்னர் ஹார்வர்டு சென்ற அவர், சைரஸ் ஃபிஸ்க் என்பவருடன் இணைந்து தசையிலிருந்து ஏடிபியைப் பிரித்தெடுத்து 1929இல் வெளியிட்டார். அதே ஆண்டில் ஜெர்மனியில் கார்ல் லோமனும் அதனைக் கண்டறிந்தார். சுப்பாராவ் 1948இல் மறைந்தார். அவர் பெயரைப் பாடநூல்கள் நெடுங்காலம் போதிய அளவு சொல்லவில்லை என்பது வருந்தத்தக்கது.

முத்திரையிடும் கை நிற்காமல் இயங்கினால் என்னவாகும்? குருதிச் செல்களை உருவாக்கும் செல் ஒன்றில் 9ஆம் குரோமோசோமின் துண்டும் 22ஆம் குரோமோசோமின் துண்டும் இடம் மாறி ஒட்டிக்கொள்வதுண்டு. அவ்வொட்டிலிருந்து பிசிஆர்-ஏபிஎல் என்னும் கைனேஸ் பிறக்கிறது. அணைக்கும் பொறி இழந்த நொதி இது. ஆணை எதுவும் வராத நிலையிலும் புரதங்களின் டைரோசின்மீது பாஸ்பேட்டை ஒட்டிக்கொண்டே இருக்கிறது. பெருகுக என்னும் குறிப்பு ஓயாது செல்வதால் வெள்ளையணுக்கள் வரம்பின்றிப் பெருகுகின்றன. நாள்பட்ட மைலாய்டு இரத்தப் புற்றுநோய் என்பது இதுவே.

ஏடிபி வந்தமரும் பள்ளம் ஒன்று அக்கைனேஸில் உள்ளது. இமாட்டினிப் என்னும் மருந்து அப்பள்ளத்தில் அமர்ந்து ஏடிபிக்கு இடமில்லாமல் செய்கிறது. பாஸ்பேட் கிடைக்காத நொதி எதன்மீது எதை ஒட்டும்? 2001இல் அமெரிக்காவில் ஒப்புதல் பெற்ற இம்மாத்திரை, சில ஆண்டுகளில் உயிர்பறித்த நோயைப் பெரும்பாலோர்க்கு நெடுங்காலம் கட்டுக்குள் வைக்கக்கூடிய நோயாக்கியது. ஆயினும் மருந்து நீங்கினால் பள்ளம் மீண்டும் திறந்துவிடும். எனவே பெரும்பாலான நோயாளர்கள் நாள்தோறும், ஆண்டுக்கணக்கில் இதனை உட்கொள்ள வேண்டும்.

அதனால் விலை உயிர்ப்பிரச்சினையாயிற்று. நோவார்ட்டிஸ் நிறுவனத்தின் மாத்திரைக்கு அன்று மாதம் ஏறத்தாழ 1,20,000 ரூபாயும், இந்திய நிறுவனங்கள் தயாரித்த அதே மருந்துக்கு ஏறத்தாழ 8,000 ரூபாயும் விலையாக இருந்தன. இம்மருந்தின் குறிப்பிட்ட படிக வடிவத்துக்கு அந்நிறுவனம் 1998இல் சென்னையில் காப்புரிமை கோரியிருந்தது. சென்னைக் காப்புரிமை அலுவலகம் 2006இல் அதனை மறுத்தது. அறிந்த பொருளின் புதிய வடிவம், நோய் தீர்க்கும் திறனில் மேம்பட்டிருந்தால் மட்டுமே காப்புரிமை உண்டு என்னும் சட்டப்பிரிவை எதிர்த்து அந்நிறுவனம் தொடுத்த வழக்கைச் சென்னை உயர்நீதிமன்றம் 2007இல் தள்ளுபடி செய்தது. காப்புரிமைக் கோரிக்கை உச்சநீதிமன்றம்வரை சென்று, 2013 ஏப்ரல் 1ஆம் நாள் அங்கும் நிராகரிக்கப்பட்டது. குறைந்த விலை மாத்திரைகள் மருந்தகங்களில் தொடர்ந்து கிடைத்தன.