மரங்களுக்கு நடுவே ஒரு மின்சார ஊர்

கடலூரிலிருந்து விருத்தாசலம் செல்லும் பஸ், வள்ளலாரின் வடலூரைத் தாண்டிச் சிறிது தூரம் போனதும் அடிவானத்தில் மலை ஒன்று தெரிகிறது. புதிதாக வரும் பிரயாணி அதை மலை என்றே நினைத்துப் பக்கத்தில் இருப்பவரிடம் பெயர் கேட்பார். பக்கத்தில் இருப்பவர் சிரிப்பார்.

இந்தப் பக்கத்தில் மலை ஏது? பூமிக்கடியிலிருந்து வெட்டி எடுத்துக் குவித்த மண் அது! அதற்கு அப்பால் வானத்தைத் தொட்டுக்கொண்டு நிற்கின்றன அனல்மின் நிலையங்களின் புகைபோக்கிகள்.

"மந்தாரக்குப்பம் எல்லாம் இறங்குங்க!" என்று கண்டக்டர் குரல் கொடுக்கிறார். பாதி பஸ் காலியாகிறது.

பெயரிலேயே மரம் இருக்கும் ஊர் மந்தாரக்குப்பம். ஆனால் மந்தாரை மரத்தைத் தேடினால் கண்ணில் படுவது கடைவீதிதான். டீக்கடை, ஜவுளிக்கடை, நகைக்கடை, பாத்திரக்கடை, மருந்துக்கடை, ஓட்டல், ஆட்டோ ஸ்டாண்டு என்று சாலையின் இருபுறமும் நெருக்கியடித்துக்கொண்டு நிற்கின்றன. பலாப்பழக் காலத்தில் தெருவே மணக்கும். முந்திரிப் பருப்பைப் படி போட்டு விற்பார்கள். ஹாரன் சத்தமும் பேரம் பேசும் சத்தமும் ஓய்வதில்லை. நிர்வாகத்துக்கு இது கெங்கைகொண்டான் பேரூராட்சி. ஜனங்களுக்கு என்றும் மந்தாரக்குப்பம்தான்.

இந்தச் சந்தடியிலிருந்து சிறிது தூரத்தில், தமிழ்நாட்டிலேயே மிக அமைதியான ஊர்களில் ஒன்று இருக்கிறது என்று சொன்னால் நம்புவது கஷ்டம். நெய்வேலி டவுன்ஷிப் அது.

எண்களே விலாசம்

டவுன்ஷிப்புக்குள் நுழைந்ததும் முதலில் உறைப்பது நிழல். வெளியே கண்ணைக் கூசிய வெயில் எங்கே போயிற்று என்று தேட வேண்டியிருக்கிறது. சாலைகள் நேராக, அகலமாக ஓடுகின்றன. இருபுறமும் மரங்கள். மரங்களுக்குப் பின்னால் வேலி. வேலிக்குப் பின்னால் தோட்டம். தோட்டத்துக்கு நடுவில் அடக்கமாக ஒரு வீடு. மாமரமோ பலா மரமோ இல்லாத வீட்டைக் காண்பது அரிது.

ஊர் வட்டம் வட்டமாகப் பிரிக்கப்பட்டிருக்கிறது. "பிளாக்" என்றும் சொல்வார்கள். இங்கே ஒருவரை ஒருவர் சந்தித்தால் "எந்தத் தெரு?" என்று கேட்பதில்லை, "எத்தனையாவது வட்டம்?" என்றுதான் கேட்கிறார்கள். கல்யாணமாகி அமெரிக்கா போய்விட்ட பெண்ணும் தான் வளர்ந்த வட்டத்தின் எண்ணை மறப்பதில்லை.

பள்ளிக்கூடம், ஆஸ்பத்திரி, கோயில், விளையாட்டு மைதானம், கடைத்தெரு எல்லாம் திட்டம் போட்டு அமைக்கப்பட்டவை. நடராஜர் கோயிலில் பெரிய வடிவில் ஆடவல்லான் காட்சி தருகிறார். வேலுடையான்பட்டு முருகனோ வேலுக்குப் பதிலாக வில்லேந்தி நிற்கிறார். பங்குனி உத்திரத்தன்று காவடிகள் சுற்றுவட்டாரம் முழுவதிலுமிருந்து வந்து சேரும். அன்று ஒரு நாள்தான் இந்த ஊர் தன் அமைதியை மறக்கிறது.

பிற்பகல் இரண்டு மணிக்கு ஒரு சாலையில் நின்று பாருங்கள். அணில் கத்துவது கேட்கும். எங்கோ ஒரு வீட்டில் குக்கர் விசில் அடிக்கும். வேறு சத்தம் இல்லை.

பாரிஸுக்குப் பக்கத்தில் ஒரு சகோதரி

உலகத்தில் இப்படிப்பட்ட ஊர்கள் வேறு இல்லாமல் இல்லை. பாரிஸ் நகரத்துக்கு மேற்கே லெ வேசினே என்று ஓர் ஊர் இருக்கிறது. பாரிஸிலிருந்து அந்தத் திசையில் 1837-லேயே ரயில் ஓட ஆரம்பித்தது. பிறகு 1850-களில் அல்போன்ஸ் பல்லு என்பவருடைய கம்பெனி, அரச வனமாக இருந்த நிலத்தை வாங்கி, செயற்கை ஏரிகளும் ஓடைகளும் வெட்டி, மரங்களுக்கு நடுவே மனை போட்டு விற்றது. தொழிற்சாலை கூடாது என்பது மனை வாங்குகிறவர்களுக்கு விதித்த நிபந்தனை. 1875-ல் அது தனி ஊராயிற்று. காலையில் ரயிலேறிப் பாரிஸுக்கு வேலைக்குப் போய், மாலையில் ஏரிக்கரைக்குத் திரும்புகிறவர்களின் ஊர் அது.

புதுச்சேரி 1954 வரை பிரெஞ்சு ஆட்சியில் இருந்தது. அங்கிருந்து பிரான்ஸுக்குக் குடிபோன தமிழர்களில் பலர் பாரிஸின் புறநகர்களில்தான் வசிக்கிறார்கள். அவர்களில் ஒருவர் விடுமுறைக்கு வந்து, புதுச்சேரியிலிருந்து பஸ்ஸில் நெய்வேலிக்கு வந்தால், இந்த நிழலும் அமைதியும் அவருக்குப் பழகியவையாகவே தோன்றும்.

ஆனால் ஒரு வித்தியாசம் உண்டு. லெ வேசினேயில் தொழிற்சாலைக்கு இடமில்லை. மனைக்கு மனை சொந்தக்காரர் உண்டு. நெய்வேலியோ தொழிலுக்காகவே பிறந்த ஊர். இங்கே குவார்ட்டர்ஸில் குடியிருக்கும் எவருக்கும் வீடு சொந்தமில்லை!

கிணற்றில் வந்த கறுப்பு

1930-களின் நடுவில் இந்த வட்டாரத்தின் நிலச்சுவான்தார் ஜம்புலிங்க முதலியார் தம் நிலத்தில் கிணறு இறக்கினார். தண்ணீரோடு கறுப்பாக ஏதோ வந்தது. வேறொருவராக இருந்தால் கிணறு கெட்டுவிட்டது என்று மூடியிருப்பார். முதலியார் அதைச் சர்க்காரின் கவனத்துக்குக் கொண்டுபோனார். அது பழுப்பு நிலக்கரி என்பது தெரிந்தது. பின்னால் சுரங்கத்துக்காகத் தம் நிலத்தையும் கொடுத்தார்.

காமராஜர் முதலமைச்சராக இருந்த காலத்தில் திட்டம் உருவெடுத்தது. 1956 நவம்பரில் நெய்வேலி லிக்னைட் கார்ப்பரேஷன் பதிவாயிற்று. 1957 மே 20-ம் தேதி பிரதமர் நேரு சுரங்க வேலையைத் தொடங்கி வைத்தார். நான்கு வருஷம் வெட்டிய பிறகு, 1961 ஆகஸ்டில்தான் நிலக்கரி கண்ணில் பட்டது. மறு வருஷம் ரஷ்யாவின் உதவியுடன் கட்டிய அனல்மின் நிலையத்தில் மின்சாரம் பிறந்தது.

அனுமதியுடன் சுரங்கத்தின் விளிம்பில் போய் நிற்பவர்களுக்குப் பேச்சு வராது. நிலம் படிப்படியாக இறங்கிக்கொண்டே போகிறது. அடியில் ஊர்ந்துகொண்டிருக்கும் லாரி தீப்பெட்டி போலத் தெரிகிறது. ராட்சத சக்கரம் பூட்டிய ஜெர்மன் யந்திரங்கள், சக்கரத்தின் விளிம்பில் உள்ள வாளிகளால் மண்ணைச் சுரண்டிச் சுரண்டி எடுக்கின்றன. பெரிய யந்திரத்தில் ஒரு வாளி மட்டும் 1,400 லிட்டர் கொள்ளும். வெட்டிய மண் கன்வேயர் பெல்ட்டில் ஏறி மைல் கணக்கில் பிரயாணம் செய்கிறது. ஒரு டன் நிலக்கரிக்கு ஐந்து கன மீட்டருக்கும் அதிகமான மண்ணை அகற்ற வேண்டும். பஸ்ஸிலிருந்து பார்த்த "மலை" அப்படி உண்டானதுதான்!

மண்ணைவிடப் பெரிய எதிரி தண்ணீர். நிலக்கரிப் படிவத்துக்கு அடியில் ஊற்று நீர் சதுர சென்டிமீட்டருக்கு ஆறு முதல் எட்டு கிலோ அழுத்தத்துடன் மேல்நோக்கி முட்டிக்கொண்டிருக்கிறது. கார் டயரில் அடைக்கும் காற்றைப்போல் மூன்று மடங்கு அழுத்தம் இது. சுற்றிலும் ஆழ்குழாய்க் கிணறுகள் இறக்கி, இரவும் பகலும் தண்ணீரை இறைத்துக்கொண்டே இருந்தால்தான் சுரங்கத்தின் தரை நிற்கும். தீபாவளி, பொங்கல் எதற்கும் பம்புக்கு விடுமுறை கிடையாது.

டவுன்ஷிப்பில் அணில் சத்தம் கேட்கிறதே, அதே நேரத்தில் சில மைல் தூரத்தில் இத்தனையும் ஓடிக்கொண்டிருக்கின்றன.

ஷிப்டு மாறும் நேரம்

ஊரின் அமைதி கலையும் நேரம் ஷிப்டு மாறும் நேரம். பஸ்களும் மோட்டார் சைக்கிள்களும் சைக்கிள்களும் வரிசையாகச் சுரங்கத்தை நோக்கிப் போகின்றன. சிறிது நேரத்தில், வேலை முடிந்தவர்கள் எதிர்த்திசையில் வருகிறார்கள். ராத்திரி ஷிப்டு பார்த்தவர் காலையில் வந்து படுத்தால், குழந்தைகள் சத்தம் போடாமல் விளையாடப் பழகிக்கொள்கின்றன. ஊரின் அமைதிக்கு அதுவும் ஒரு காரணம்.

போகிறவர் திரும்பி வரும்வரை வீட்டில் இருப்பவர்களுக்கு மனம் நிலைகொள்ளாத நாட்களும் உண்டு. 2020-ம் ஆண்டு மே மாதத்திலும் ஜூலை மாதத்திலும் இரண்டாவது அனல்மின் நிலையத்தில் கொதிகலன் வெடித்தது. ஜூலை 1-ம் தேதி விபத்தில் அன்றே ஆறு பேர் மாண்டார்கள். காயமடைந்தவர்களில் மேலும் பலர் பின்னர் ஆஸ்பத்திரியில் உயிரிழந்தார்கள். இறந்தவர்களில் பெரும்பாலோர் ஒப்பந்தத் தொழிலாளர்கள். டவுன்ஷிப் வீடுகளுக்கு வெளியே, சுற்றியுள்ள கிராமங்களிலிருந்து வந்து வேலை பார்த்தவர்கள்.

நிழலுக்கு விலை

கம்பெனி வீட்டில் குடியிருப்பவர் ஓய்வு பெற்றதும் வீட்டைக் காலி செய்ய வேண்டும். முப்பது வருஷம் தண்ணீர் ஊற்றி வளர்த்த பலா மரத்தைப் பெயர்த்துக்கொண்டு போக முடியாது. அந்த வருஷத்துப் பழத்தை அடுத்த குடித்தனக்காரர் பறிப்பார். அவர் ஓய்வு பெறும்போது இன்னொருவர்.

அப்படி வெளியேறுகிறவர்கள் வெகுதூரம் போவதில்லை. வடக்குத்து, இந்திரா நகர், வடலூர், மந்தாரக்குப்பம் என்று பக்கத்திலேயே மனை வாங்கி வீடு கட்டிக்கொள்கிறார்கள். மாலையில் நடப்பதற்கு மட்டும் டவுன்ஷிப் மரங்களைத் தேடி வருகிறார்கள். பழைய வீட்டின் வேலியருகே ஒரு நிமிஷம் நின்று பார்த்துவிட்டுப் போகிறவர்களும் உண்டு.

இவர்களுக்கு முன்பே வேலியருகே நின்றவர்கள் இருக்கிறார்கள். சுரங்கத்துக்கும் நகரத்துக்கும் நிலம் கொடுத்த கிராமத்தார் அவர்கள். நெய்வேலி என்பதே ஒரு பழைய கிராமத்தின் பெயர். ஓய்வு பெற்றவர் தம் வீட்டை நின்று பார்க்கலாம். நிலம் கொடுத்தவருக்குப் பார்க்க வீடும் இல்லை, வயலும் இல்லை. அவை இருந்த இடமே வெட்டுப்பட்டுப் பள்ளமாகிவிட்டது.

அந்தக் கணக்கு இன்னும் முடியவில்லை. 2023 ஜூலையில் வளையமாதேவி கிராமத்தில், இரண்டாவது சுரங்கத்துக்கான கால்வாய் வெட்ட, கதிர் வரும் பருவத்தில் இருந்த நெல் வயலில் யந்திரங்கள் இறங்கின. நிலம் முன்பே கையகப்படுத்தப்பட்டது என்றது நிர்வாகம். பயிர் அறுவடையாகும் வரையாவது பொறுக்கக்கூடாதா என்றார்கள் விவசாயிகள். விஷயம் சென்னை ஐகோர்ட்டுக்குப் போயிற்று. பாழான பயிருக்கு ஏக்கருக்கு 40,000 ரூபாய் கொடுக்க உத்தரவாயிற்று.

நெய்வேலி மின்சாரம் தமிழ்நாட்டுக்கு மட்டுமன்றி, கேரளம், கர்நாடகம், ஆந்திரம், புதுச்சேரி ஆகிய இடங்களுக்கும் போகிறது. அங்கே சுவிட்சைப் போடுகிறவர்களுக்கு இந்தப் பலா மரமும் தெரியாது, அந்த நெல் வயலும் தெரியாது.

விழுந்ததும் எழுந்ததும்

2011 டிசம்பர் 30-ம் தேதி அதிகாலையில் தானே புயல் புதுச்சேரிக்கும் கடலூருக்கும் இடையே கரையைக் கடந்தது. முந்திரிக் காடுகளும் பலாத் தோப்புகளும் ஜில்லா முழுவதும் சாய்ந்தன. டவுன்ஷிப்பில் ஆயிரக்கணக்கான மரங்கள் வேரோடு விழுந்தன. பொழுது விடிந்து கதவைத் திறந்தவர்களுக்கு, மரங்கள் மறைத்திருந்த எதிர் வரிசை வீடுகள் அன்றுதான் முழுசாகத் தெரிந்தன!

மறுபடியும் கன்று நட்டார்கள். தாம் இருக்கப்போகும் காலத்துக்குள் அந்தக் கன்று மரமாகி நிழல் தராது என்று தெரிந்தவர்களும் நட்டார்கள். இன்று பிரயாணி நடக்கும் நிழலில் ஒரு பங்கு அவர்கள் கொடுத்தது. நிலக்கரி எடுத்து முடிந்த பள்ளத்தை நிரப்பி, அதன்மேலும் மரம் வளர்த்து நீர் தேக்கியிருக்கிறார்கள். அங்கே பறவைகள் வந்து தங்குகின்றன.

முதலாவது அனல்மின் நிலையம் 1962-ல் தொடங்கி, 2020-ல் ஓய்வு பெற்றுவிட்டது. கம்பெனிக்கும் 2016-ல் பெயர் மாறி என்.எல்.சி. இந்தியா ஆயிற்று. நிலக்கரி என்றாவது ஒருநாள் தீரும். அப்போது இந்த வீடுகளும் வட்டங்களும் யாருடையவை என்ற கேள்வி எழும். இங்கே வளர்ந்தவர்கள் அதை இப்போதே கேட்டுக்கொள்கிறார்கள்.

போகிறவர்களுக்கு

நெய்வேலி சென்னையிலிருந்து சுமார் 200 கிலோமீட்டர். பண்ருட்டி வழியாக வரும் பஸ்கள் ஆர்ச் கேட் அருகே நிற்கும். கடலூர் – விருத்தாசலம் ரயில் பாதையில் நெய்வேலிக்கு ஸ்டேஷன் உண்டு. ஜூலை மாதம் வந்தால், 1998 முதல் நடந்துவரும் புத்தகக் கண்காட்சியையும் பார்க்கலாம். சுரங்கத்துக்குள் போக முன்கூட்டி அனுமதி வாங்க வேண்டும்.

ஆனால் ஆர்ச் கேட் வழியாக நுழைந்து, நிழலை மட்டும் பார்த்துவிட்டுத் திரும்பினால் பாதி ஊரைத்தான் பார்த்ததாகும். கடலூர் பஸ்ஸில் வந்து மந்தாரக்குப்பத்தில் இறங்க வேண்டும். ஒரு டீ குடித்துவிட்டு, கல்லாவில் இருப்பவரிடம் "உங்களுக்குப் பூர்விகம் எது?" என்று கேட்க வேண்டும். அவர் சுரங்கத்தின் திசையில் கையைக் காட்டினாலும் காட்டுவார்.

அதன் பிறகு டவுன்ஷிப் மரங்களின் கீழ் நடந்தால், அந்த நிழலின் அருமை இன்னும் கொஞ்சம் நன்றாகத் தெரியும்.