பழைய காற்றுத் துப்பாக்கியை எப்படித் தேர்ந்தெடுப்பது?

திருவிழாக் கடைகளில் பலூன் சுடும் துப்பாக்கியைப் பார்த்திருப்பீர்கள். குழலை மடக்கி, சிறிய ஈயக் குண்டு ஒன்றைச் செருகி, மீண்டும் நிமிர்த்திச் சுடுவார்கள். பேச்சில் நாம் 'ஏர்கன்' என்று சொல்லும் இந்தக் காற்றுத் துப்பாக்கிக்கு இங்கிலாந்தில் வேறொரு வேலையும் உண்டு. காய்கறித் தோட்டம் வைத்திருப்போர் சிலர் எலி, முயல், சாம்பல் அணில் ஆகியவற்றின் தொல்லையைக் குறைக்க இதைப் பயன்படுத்துகிறார்கள். சாம்பல் அணில் என்றதும் நம் ஊர் அணிலை நினைத்துக்கொள்ள வேண்டாம். வட அமெரிக்காவைச் சேர்ந்த இந்தப் பிராணி 1876-இல் செஷயர் பகுதியில் கொண்டுவந்து விடப்பட்டது. எடை ஏறத்தாழ அரைக் கிலோ. மரப்பட்டையை உரித்தே மரத்தைப் பட்டுப்போகச் செய்துவிடும்.

புதிய துப்பாக்கிகள் கடைகளில் கிடைத்தாலும், பர்மிங்காம் நகரத்து பி.எஸ்.ஏ., வெப்லி நிறுவனங்கள் அரை நூற்றாண்டுக்கு முன் செய்தவற்றின்மேல் பலருக்கு ஆசை. அப்படி ஒன்றை வாங்குபவர் முதலில் கேட்பது, "இதன் பலம் எவ்வளவு?" என்பதுதான். அது முதல் கேள்வியாக இருக்கக் கூடாது. ஏன் என்று பார்ப்போம்.

காற்றுத் துப்பாக்கியில் வெடிமருந்து கிடையாது. உருளை ஒன்றினுள் தடித்த சுருள்வில்லும் அதற்கு முன்னால் உந்துதண்டும் உள்ளன. குழலை மடக்கும்போது வில் அமுங்கிக் கொள்கிறது. விசையை இழுத்ததும் உந்துதண்டு முன்னே பாய்ந்து காற்றை அழுத்துகிறது. சைக்கிளுக்குக் காற்றடிக்கும்போது பம்பின் அடிப்பாகம் சுடுமல்லவா? இங்கே அந்த அழுத்தம் நொடியில் நூறில் ஒரு பங்கு நேரத்துக்குள் முடிந்துவிடுகிறது. வெப்பம் வெளியேற நேரமில்லை. காற்று சில நூறு டிகிரி வரை சூடேறி, விரிந்து, குண்டைத் தள்ளுகிறது.

இவ்வாறு கிடைக்கும் ஆற்றலுக்குச் சட்டம் ஓர் எல்லை வைத்திருக்கிறது. 1969-இல் வந்த பிரிட்டிஷ் விதிகளின்படி 12 அடி-பவுண்டு, அதாவது ஏறத்தாழ 16 ஜூலுக்கு மேற்பட்ட காற்றுத் துப்பாக்கிக்குத் தனிச் சான்றிதழ் வேண்டும். எல்லையிலேயே இயங்கும் துப்பாக்கியில், 5.5 மி.மீ. விட்டமும் 0.94 கிராம் எடையுமுள்ள குண்டு நொடிக்கு 186 மீட்டர் வேகத்தில் புறப்படும். 4.5 மி.மீ. குண்டு எடை குறைந்தது என்பதால் 245 மீட்டர் வேகம் பெறும். 20 மீட்டர் தூரம் போவதற்குள் முன்னது சுமார் 6 செ.மீ. தாழும், பின்னது 4 செ.மீ. மட்டுமே. தூரத்தைக் கண்ணால் சரியாக மதிக்கத் தெரியாதவருக்குச் சிறிய குண்டே நல்லது என்பது என் கருத்து. பெரிய குண்டை விரும்புவோரும் உண்டு.

அணிலின் தலையில் உயிர்நிலை என்று சொல்லத்தக்க இடம் இரண்டு மூன்று செ.மீ. அளவே. அங்கே பட்டால் அது அக்கணமே இறக்கும். வயிற்றிலோ தொடையிலோ பட்டால் புதருக்குள் ஊர்ந்து சென்று பல மணி நேரம், சில வேளை பல நாள், துடித்துச் சாகும். எனவே கேட்க வேண்டியது, "ஐந்து குண்டும் ஒரே இடத்தில் போகுமா?" என்பதே.

பழைய துப்பாக்கி அப்படிச் சுடாமற்போவதற்கு முதற்காரணம் பெரும்பாலும் ஒரு தோல் வாஷர். உந்துதண்டின் முனையில் காற்று கசியாமல் காப்பது அதுதான். சைக்கிள் பம்பின் வாஷர் காய்ந்துவிட்டால் எவ்வளவு அடித்தாலும் காற்று ஏறுவதில்லை. ஒரு சொட்டு எண்ணெய் விட்டால் சரியாகிவிடும். இங்கும் அதே கதைதான். ஆனால் எண்ணெய் மிகுந்துவிட்டால், டீசல் எஞ்சினில் நிகழ்வதுபோலச் சூடான காற்றில் அது தீப்பற்றிக் கொள்ளும். கார்டூ என்னும் ஆங்கில ஆய்வாளர் இருவர் காற்றுக்குப் பதிலாக நைட்ரஜனில் வைத்துச் சுட்டபோது குண்டின் வேகம் வெகுவாகக் குறைந்தது. ஆகவே சாதாரண நிலையிலும் சிறிது எண்ணெய் எரியவே செய்கிறது. அளவு மீறினால்தான் ஆபத்து. குண்டுக்குக் குண்டு வேகம் மாறும், வில்லும் முறியும். விற்பவர் சுட்டுக் காட்டும்போது பலத்த ஓசையும் புகையும் வந்தால் பலம் என்று மயங்க வேண்டாம்.

பிறகு குழலை மடக்கிப் பாருங்கள். நறநறவென்று ஓசை கேட்டால் வில் முறிந்திருக்கலாம். நிமிர்த்திய குழல் பக்கவாட்டில் அசைந்தால் வாங்காதீர்கள். 1947-இல் வந்த வெப்லி மார்க் 3, 1948-இல் வந்த பி.எஸ்.ஏ. ஏர்ஸ்போர்ட்டர் ஆகியவற்றில் குழல் மடங்குவதில்லை. குழாய்த் திருகு போன்ற சுழலும் அடைப்பு ஒன்றில் குண்டை இட வேண்டும். அது தேய்ந்திருந்தால் காற்று கசியும். இன்னொன்று: பழைய பிரிட்டிஷ் குழல்கள் சிலவற்றுக்கு இன்றைய 5.5 மி.மீ. குண்டு தளர்வாக இருக்கும். உடுக்கைபோல் இடை சிறுத்த அந்தக் குண்டைச் செருகும்போது சற்றே இறுக்கம் தெரிய வேண்டும். தெரியாவிட்டால் 5.6 மி.மீ. குண்டைத் தேடுங்கள்.

சோதிக்கும்போது பிடிமுறையிலும் கவனம் தேவை. உந்துதண்டு முன்னே பாயத் தொடங்கியதும் துப்பாக்கி பின்னே உதைக்கிறது. தண்டு போய் நின்றதும் முன்னே எகிறுகிறது. குண்டு குழலை விட்டு வெளியேறும் முன்பே இந்த அசைவு தொடங்கிவிடுவதால், இறுகப் பிடித்தாலும், கல்மேல் வைத்துச் சுட்டாலும் குறி தப்பும். உள்ளங்கையில் இலேசாகத் தாங்கிக்கொண்டு, பின்னால் மண்மேடு உள்ள இடத்தில், 20 மீட்டரில் உள்ள தாளில் ஐந்து முறை சுடுங்கள். இரண்டரை செ.மீ. வட்டத்துக்குள் ஐந்தும் அடங்கினால் வாங்கலாம். 12 மீட்டரில்தான் அடங்குகிறது என்றால் அத்துப்பாக்கிக்கும் உங்களுக்கும் 12 மீட்டரே எல்லை. எலிக்கு அது போதும்.

பிரிட்டனில் வாங்குபவருக்கு 18 வயது நிரம்பியிருக்க வேண்டும். ஸ்காட்லாந்தில் 2016 டிசம்பர் 31 முதல் எல்லைக்கு உட்பட்ட துப்பாக்கிக்கும் உரிமம் தேவை. செவ்வணிலைச் சுடக் கூடாது. காட்டுப் பறவைகள் அனைத்துக்கும் 1981-ஆம் ஆண்டுச் சட்டப் பாதுகாப்பு உண்டு. பயிரைத் தின்னும் காட்டுப்புறாவைக்கூட உரிம நிபந்தனைகளுக்கு உட்பட்டே சுடலாம். குறி தவறிய குண்டு சில நூறு மீட்டர் பாயக்கூடியது; அது வேலி தாண்டிப் போவதே குற்றம். ஆகையால் கிளைமேல் வானத்தை ஒட்டி உட்கார்ந்திருக்கும் அணிலை விட்டுவிட்டு, அது தரைக்கு இறங்கி வரும்வரை காத்திருக்கிறார்கள்.