கொலை வழக்கில் ஜாமீன் எப்படிக் கிடைக்கிறது?

கொலை வழக்கில் கைதானவர் மூன்று மாதத்தில் ஜாமீனில் ஊர் திரும்பினால், ‘அவனை விட்டுட்டாங்க’ என்று பேச்சு கிளம்பும். இறந்தவரின் வீட்டாருக்கு அது தாங்க முடியாத செய்தி. ஆனால் நீதிமன்றம் அவரை விட்டுவிடவில்லை. வழக்கு அப்படியே நிற்கிறது. வாய்தா தவறாமல் அவர் ஆஜராக வேண்டும். குற்றம் நிரூபணமானால் ஆயுள் தண்டனையோ தூக்கோ உண்டு. தீர்ப்பு வரும்வரை இவரை உள்ளே வைத்திருந்தே ஆக வேண்டுமா என்பதைத்தான் ஜாமீன் மனுவில் நீதிபதி பார்க்கிறார்.

இப்படிப்பட்ட வழக்கில் மாஜிஸ்திரேட் பொதுவாக ஜாமீன் தர முடியாது. பெண்கள், நோயாளிகள் போன்றோருக்கு மட்டும் சட்டம் விலக்கு வைத்திருக்கிறது. மற்றவர்கள் அமர்வு நீதிமன்றத்துக்குப் போக வேண்டும். அங்கே தள்ளுபடியானால் உயர் நீதிமன்றம். இந்தக் கட்டத்தில் சாட்சிகளைக் கூண்டில் ஏற்றுவதில்லை. எஃப்.ஐ.ஆர்., போலீஸார் பதிவுசெய்த வாக்குமூலங்கள், அரசு வழக்கறிஞரின் ஆட்சேபம் ஆகியவைதான் நீதிபதியின் முன் இருக்கும். வெட்டியது இவரா, கூட நின்றவரா? பழைய வழக்குகள் உண்டா? தலைமறைவாகிவிடுவாரா? நேரில் பார்த்த சாட்சி எதிர்வீட்டில் குடியிருக்கிறாரா? இந்தக் கடைசிக் கேள்வி மிக முக்கியம். சாட்சி பயந்து பின்வாங்கினால் வழக்கே சரிந்துவிடும். வேறு ஊரில் தங்கி, தினமும் காலை பத்தரை மணிக்கு அங்குள்ள காவல் நிலையத்தில் கையெழுத்திட வேண்டும் என்று நிபந்தனை போடுவது இதற்காகத்தான்.

இதெல்லாம் நீதிபதியின் விருப்புரிமை. உரிமையாகவே கிடைக்கும் ஜாமீன் ஒன்றும் இருக்கிறது. தூக்கு, ஆயுள், பத்தாண்டோ அதற்கு மேலோ தண்டனைக்குரிய வழக்குகளில் 90 நாளுக்குள்ளும், மற்றவற்றில் 60 நாளுக்குள்ளும் குற்றப்பத்திரிகை தாக்கல் ஆகவில்லை என்றால், கேட்டவருக்கு ஜாமீன் தந்தே ஆக வேண்டும். குற்றம் எவ்வளவு கொடியது என்ற பேச்சுக்கு அங்கே இடமில்லை. ரிமாண்ட் செய்த நாளும் கணக்கில் சேரும். ஆனால் கெடு முடிந்ததும் மனு போட்டுவிட வேண்டும். மனு போடுவதற்குள் போலீஸார் குற்றப்பத்திரிகையைத் தாக்கல் செய்துவிட்டால் உரிமை போய்விடும். கொரோனா ஊரடங்கைக் காரணம் காட்டி உயர் நீதிமன்றத்தின் மதுரைக் கிளை இந்த ஜாமீனை மறுத்தபோது, உச்ச நீதிமன்றம் 2020 ஜூனில் அந்த உத்தரவை ரத்து செய்தது. ஊரடங்கானாலும் தனிமனித சுதந்திரத்துக்கான கெடு நீளாது என்பதுதான் அந்தத் தீர்ப்பின் சாரம்.

சில சிறப்புச் சட்டங்களில் நிலைமை தலைகீழ். 20 கிலோவுக்கு மேல் கஞ்சா பிடிபட்டால், இவர் குற்றவாளி அல்ல என்று நம்ப நியாயமான காரணம் இருப்பதாக நீதிபதிக்குத் தோன்றினால்தான் ஜாமீன் தரலாம். விசாரணையே தொடங்காத நேரத்தில் அப்படி எப்படி நம்புவது? பணமோசடித் தடுப்புச் சட்டத்திலும் இதே தடை இருக்கிறது. உபா எனப்படும் சட்டவிரோத நடவடிக்கைகள் தடுப்புச் சட்டத்திலோ, போலீஸ் தரப்பின் குற்றச்சாட்டு மேலோட்டமாகப் பார்த்து உண்மைபோல் தெரிந்தாலே ஜாமீன் கூடாது. இந்தச் சட்டங்களில் சிக்கியவருக்கு வழக்கே தண்டனையாகிவிடுகிறது.

இந்தச் சுவரில் ஒரு வழியைத் திறந்தது, கே.ஏ. நஜீப் வழக்கில் உச்ச நீதிமன்றம் 2021-இல் சொன்ன தீர்ப்பு. ஐந்தாண்டுக்கு மேல் சிறை, இன்னும் விசாரிக்க வேண்டிய சாட்சிகள் நூற்றுக்கணக்கில். விரைவான விசாரணையைத் தர முடியாத அரசு ஒருவரை முடிவில்லாமல் அடைத்து வைக்க முடியாது. அரசியல் சாசனத்தின் 21-ஆவது பிரிவுக்கு முன் உபாவின் தடையும் இளகும் என்றது நீதிமன்றம். 2023 ஜூனில் அமலாக்கத்துறை கைது செய்த அப்போதைய தமிழக அமைச்சர் செந்தில் பாலாஜிக்கு 2024 செப்டம்பரில் ஜாமீன் கிடைத்ததும் இந்த வழியில்தான். விசாரணை இப்போதைக்கு முடியாது என்பதே அங்கு முக்கியக் காரணம். ஆனால் இந்த வாசல் வரை போக எல்லோருக்கும் டெல்லியில் மூத்த வழக்கறிஞர் இல்லை.

தமிழ்நாட்டில் இன்னொரு தடையும் உண்டு. குண்டர் சட்டத்தில் தடுப்புக் காவல் உத்தரவு வந்துவிட்டால், கையில் ஜாமீன் இருந்தும் வெளியே வர முடியாது. அதை உடைக்க அறிவுரைக் கழகத்தையோ, ஆட்கொணர்வு மனுவோடு உயர் நீதிமன்றத்தையோ நாட வேண்டும்.

ஜாமீன் உத்தரவு வந்த பிறகும் ஏழைக்கு அலைச்சல் தீர்வதில்லை. இரண்டு ஜாமீன்தாரர்கள் வேண்டும். அவர்களின் ஆதார், சொத்து வரி ரசீது வேண்டும். ரத்த உறவு ஒருவர் வேண்டும் என்றும் கேட்பார்கள். மோதிராம் என்ற கொத்தனாருக்கு உச்ச நீதிமன்றமே ஜாமீன் தந்தது. கீழ் நீதிமன்றம் பத்தாயிரம் ரூபாய்க்குப் பிணை கேட்டது. பிணை நிற்க வந்த சகோதரர் வேறு மாவட்டத்துக்காரர் என்று மறுத்தது. 1978-இல் நீதிபதி கிருஷ்ணய்யர் ஆயிரம் ரூபாய் சொந்தப் பிணையில் அவரை விடச் சொன்னார். அப்படியும் நாட்டின் சிறைகளில் இருப்போரில் ஏறத்தாழ நான்கில் மூன்று பங்கினர் இன்னும் விசாரணைக் கைதிகள்தான். ஜாமீன் கிடைத்தும் ஆள் கிடைக்காமல் உள்ளே கிடப்பவர்களும் அவர்களில் உண்டு.

2023 ஜனவரியில் உச்ச நீதிமன்றம் இதற்கென வழிமுறை வகுத்தது. ஜாமீன் கிடைத்து ஏழு நாளாகியும் ஒருவர் வெளியே வரவில்லை என்றால், சிறைக் கண்காணிப்பாளர் மாவட்ட சட்டப் பணிகள் ஆணைக்குழுவுக்குத் தெரிவிக்க வேண்டும். ஒரு மாதமாகியும் பிணை செலுத்த முடியாவிட்டால், நீதிமன்றம் தானாகவே நிபந்தனையைத் தளர்த்துவது பற்றிப் பரிசீலிக்கலாம். குடும்பத்தார் அதுவரை காத்திருக்க வேண்டியதில்லை. ஆணைக்குழு அலுவலகம் நீதிமன்ற வளாகத்திலேயே இருக்கும். 15100 என்ற எண்ணிலும் கேட்கலாம். நிபந்தனையைக் குறைக்கக் கோரும் மனுவை அவர்களின் வழக்கறிஞரே கட்டணமின்றிப் போட்டுத் தருவார்.