டி.வி.யில் கம்ப்யூட்டர் திரை: ஒயர் இல்லாமல் இணைப்பது எப்படி?

புதிதாக லேப்டாப் வாங்கியவர்கள் முதல் மாதத்திலேயே கேட்கும் கேள்வி ஒன்று உண்டு. "இதில் தெரிவதை அப்படியே டி.வி.யில் பெரிதாகப் பார்க்க முடியுமா?" 15 அங்குலத் திரையைச் சுற்றி நான்கு பேர் உட்கார்ந்து பார்ப்பது சிரமம்தான். பெரம்பலூர், அரியலூர் பக்கம் உறவினர் வீடுகளுக்குப் போகும்போதெல்லாம் இந்தக் கேள்வி என்னிடம் வந்துவிடும். சாப்ட்வேர் வேலை பார்ப்பவனுக்கு டி.வி. ரிப்பேரும் தெரியும் என்பது நம் ஊர் நம்பிக்கை!

முடியும் என்பதுதான் பதில். இதற்காகவே ஒயர்லெஸ் டிஸ்பிளே ரிசீவர் என்ற சிறு கருவி கிடைக்கிறது. கடைகளில் டாங்கிள் என்று கேட்டால் தருவார்கள். கட்டை விரல் அளவு இருக்கும். டி.வி.யின் பின்புறம் செருகிவிட்டால், லேப்டாப் திரையில் உள்ளது காற்று வழியே டி.வி.க்குப் போய்விடும். ஆனால், வாங்கும் முன் ஒரு விஷயத்தைத் தெரிந்துகொள்ள வேண்டும். நீங்கள் வாங்கும் கருவி வேலை செய்ய வீட்டில் இன்டர்நெட் இணைப்பு வேண்டுமா, வேண்டாமா? இதைக் கேட்காமல் வாங்கியவர்கள்தான் பின்னர் அதை மேஜை டிராயரில் போட்டு வைத்திருக்கிறார்கள்.

இரண்டு வழிகள், இரண்டு தேவைகள்

முதல் வழி மிரரிங். கண்ணாடியில் முகம் தெரிவது போல, லேப்டாப்பில் உள்ளது அப்படியே டி.வி.யில் தெரியும். இதற்கான பொதுவான தொழில்நுட்பம் மிராகாஸ்ட். வை-பி அலையன்ஸ் என்ற அமைப்பு 2012ஆம் ஆண்டு இதை அறிமுகப்படுத்தியது. இதில் உங்கள் லேப்டாப் ஒரு குட்டி டி.வி. நிலையமாக மாறுகிறது. திரையில் தெரிவதை நொடிக்கு நொடி வீடியோவாகச் சுருக்கி, வை-பி டைரக்ட் என்ற முறையில் நேராக ரிசீவருக்கு அனுப்புகிறது. ரிசீவர் ஒரு செட்டாப் பாக்ஸ் போல அதை விரித்து டி.வி.க்குத் தருகிறது. நடுவில் ரூட்டர் வேண்டாம். இன்டர்நெட்டும் வேண்டாம். லேப்டாப்பும் ரிசீவரும் மட்டும் போதும்.

இரண்டாவது வழி காஸ்டிங். கூகுள் நிறுவனம் 2013ல் வெளியிட்ட குரோம்காஸ்ட் இந்த வகை. போனில் யுட்யூப் வீடியோவைத் தேர்ந்தெடுத்து காஸ்ட் பட்டனைத் தட்டினால், வீடியோ போனிலிருந்து போவதில்லை. எந்த வீடியோ என்ற தகவல் மட்டும் போகிறது. டி.வி.யில் உள்ள கருவியே இன்டர்நெட்டில் இருந்து வீடியோவை நேரடியாக எடுத்துக்கொள்கிறது. உங்கள் போன் வெறும் ரிமோட் கண்ட்ரோல்தான். எனவே வீட்டில் வை-பி ரூட்டரும் நல்ல இன்டர்நெட் இணைப்பும் கட்டாயம். குரோம்காஸ்ட் தயாரிப்பை கூகுள் 2024ல் நிறுத்திவிட்டது. ஆனால் அதே தொழில்நுட்பம் பல ஸ்மார்ட் டி.வி.க்களில் உள்ளேயே வருகிறது.

காஸ்டிங் எந்த அளவு வெளி உலகத்தை நம்பி இருக்கிறது என்பதற்கு ஓர் உதாரணம். 2025 மார்ச் மாதம் உலகம் முழுவதும் இரண்டாம் தலைமுறை குரோம்காஸ்ட் கருவிகள் சில நாட்கள் வேலை செய்யவில்லை. காரணம், அவற்றில் இருந்த ஒரு டிஜிட்டல் சான்றிதழ் காலாவதியாகிவிட்டது. கூகுள் அப்டேட் அனுப்பிய பிறகே சரியானது.

ஆப்பிள் நிறுவனத்தின் ஐபோன், மேக் கம்ப்யூட்டர்களுக்கு ஏர்பிளே என்ற தனி முறை. அவை மிராகாஸ்டில் இணையாது. கூகுளின் பிக்சல் போன்களிலும் மிராகாஸ்ட் இல்லை.

எது யாருக்கு?

பெரம்பலூரில் என் சித்தி வீட்டில் பிராட்பேண்ட் கிடையாது. போனில் உள்ள தினசரி டேட்டாதான் எல்லாவற்றுக்கும். பத்தாம் வகுப்புப் படிக்கும் தங்கை, மணற்கேணி செயலியில் பாடம் பார்க்கிறாள். தமிழக பள்ளிக் கல்வித் துறை 2023ல் வெளியிட்ட செயலி இது. பள்ளிப் பாடங்களை வீடியோவாக விளக்குகிறது. சின்ன போன் திரையில் அறிவியல் படங்களைப் பார்த்து அவளுக்குக் கண் வலி. இந்த வீட்டுக்கு மிராகாஸ்ட் ரிசீவர்தான் சரி. மிரரிங் செய்வதற்கு என்று தனியாக டேட்டா செலவாகாது. வீடியோவைப் போன் பெறுவதற்கு வழக்கமாக ஆகும் டேட்டா மட்டுமே. ஏற்கெனவே லேப்டாப்பில் பதிந்து வைத்த வீடியோ என்றால் அதுவும் இல்லை.

அரியலூரில் டியூஷன் எடுக்கும் நண்பர் ஒருவரும் ரிசீவர் வாங்கப் போவதாகச் சொன்னார். அவருடைய டி.வி.யைப் பார்த்தேன். ஸ்மார்ட் டி.வி. அதன் மெனுவிலேயே ஸ்கிரீன் மிரரிங் வசதி இருந்தது. ஒரு ரூபாய் செலவில்லாமல் வேலை முடிந்தது. எனவே, ஸ்மார்ட் டி.வி. வைத்திருப்பவர்கள் முதலில் ரிமோட்டை எடுத்து இன்புட் அல்லது ஆப்ஸ் பகுதியில் ஸ்கிரீன் மிரரிங், மிராகாஸ்ட், ஸ்கிரீன் ஷேர் என்ற பெயர்களில் ஏதாவது இருக்கிறதா என்று தேடுங்கள்.

டி.வி.யும் லேப்டாப்பும் ஒரே மேஜையில் இருக்கப் போகின்றன என்றால் ஒரு ஹெச்.டி.எம்.ஐ. கேபிளே போதும். சில நூறு ரூபாய்தான். படம் தாமதமாகாது, துண்டிக்காது. ஒயர் குறுக்கே கிடக்கக் கூடாது என்பவர்களுக்குத்தான் ரிசீவர்.

உங்கள் லேப்டாப் தயாரா?

ரிசீவர் வாங்கும் முன்பே இதைச் சோதித்துவிடலாம். கீபோர்டில் விண்டோஸ் கீயுடன் கே எழுத்தை அழுத்துங்கள். திரையின் ஓரத்தில் காஸ்ட் என்ற கட்டம் திறந்து, அருகில் உள்ள கருவிகளைத் தேடத் தொடங்கினால் உங்கள் லேப்டாப் தயார். "இந்தக் கருவி மிராகாஸ்டை ஏற்காது" என்ற பொருளில் செய்தி வந்தால், வை-பி மற்றும் கிராபிக்ஸ் டிரைவர்களை அப்டேட் செய்து மீண்டும் பாருங்கள்.

விண்டோஸில் இந்த வசதி 8.1 பதிப்பில், அதாவது 2013ல்தான் வந்தது. தமிழக அரசு 2011ல் மாணவர்களுக்கு வழங்கத் தொடங்கிய இலவச லேப்டாப்களில் விண்டோஸ் 7 இருந்தது. அப்படி ஒன்றை இன்னும் விண்டோஸ் 7 உடன் வைத்திருந்தால், ரிசீவர் வாங்காதீர்கள். கேபிள்தான் வழி. டெஸ்க்டாப் கம்ப்யூட்டர் என்றால் அதில் வை-பி இருக்கிறதா என்று முதலில் பாருங்கள். பலவற்றில் இருக்காது.

டி.வி.யின் பின்புறத்தையும் பாருங்கள். ஹெச்.டி.எம்.ஐ. சாக்கெட் இருக்க வேண்டும். 2006 முதல் அரசு வழங்கிய 14 அங்குல கலர் டி.வி. போன்ற பழைய பெட்டிகளில் இது கிடையாது. ஹெச்.டி.எம்.ஐ.யை மஞ்சள், வெள்ளை, சிவப்பு ஏ.வி. ஒயராக மாற்றும் கன்வெர்ட்டர் உண்டு. படம் தெரியும். ஆனால் எழுத்துகள் மங்கலாக இருக்கும், படிக்க முடியாது. பாடம் பார்க்க அது உதவாது.

இணைக்கும் முறை

1. டி.வி.யை அணைத்துவிட்டு, ரிசீவரை ஹெச்.டி.எம்.ஐ. சாக்கெட்டில் செருகுங்கள். எந்த எண் கொண்ட சாக்கெட் என்று குறித்துக்கொள்ளுங்கள்.

2. ரிசீவருக்கு மின்சாரம் வேண்டும். அதன் யு.எஸ்.பி. ஒயரை 5 வோல்ட், 1 ஆம்பியர் அல்லது அதற்கு மேல் தரும் போன் சார்ஜரில் இணையுங்கள்.

3. டி.வி.யை ஆன் செய்து, ரிமோட்டில் சோர்ஸ் அல்லது இன்புட் பட்டனை அழுத்தி, குறித்து வைத்த ஹெச்.டி.எம்.ஐ. எண்ணைத் தேர்ந்தெடுங்கள். ரிசீவரின் பெயர் திரையில் தெரியும்.

4. சில ரிசீவர்களில் சிறிய பட்டன் ஒன்று இருக்கும். அதை அழுத்தினால் மிராகாஸ்ட், ஏர்பிளே என்று முறை மாறும். திரையில் மிராகாஸ்ட் என்று இருக்கும்படி வையுங்கள்.

5. லேப்டாப்பில் வை-பி ஆன் செய்து, விண்டோஸ் கீயுடன் கே அழுத்துங்கள். பட்டியலில் ரிசீவரின் பெயர் வந்ததும் கிளிக் செய்யுங்கள். டி.வி.யில் பின் நம்பர் காட்டினால் அதை லேப்டாப்பில் டைப் செய்யுங்கள். சில விநாடிகளில் உங்கள் திரை டி.வி.யில்!

போனில் என்றால், செட்டிங்ஸ் பகுதியில் இதே வசதி இருக்கும். சாம்சங் போன்களில் ஸ்மார்ட் வியூ என்றும், வேறு சிலவற்றில் காஸ்ட் அல்லது ஸ்கிரீன் காஸ்ட் என்றும் பெயர்.

இப்போது விண்டோஸ் கீயுடன் பி எழுத்தை அழுத்துங்கள். நான்கு வழிகள் தெரியும். டூப்ளிகேட் என்றால் இரண்டிலும் ஒரே படம். எக்ஸ்டெண்ட் என்றால் டி.வி. இரண்டாவது மானிட்டராகிவிடும். ஆசிரியர்களுக்கு இது மிகவும் பயன்படும். அரியலூர் நண்பர் கேள்வித்தாளை டி.வி. பக்கம் நகர்த்திவிட்டு, விடைகளையும் மார்க் பட்டியலையும் லேப்டாப்பில் தன் பக்கம் மட்டும் வைத்துக்கொள்கிறார். யார் எவ்வளவு மார்க் என்பது வகுப்பு முழுவதும் தெரிய வேண்டியதில்லை அல்லவா?

தொல்லைகளும் தீர்வுகளும்

அடிக்கடி அணைந்து எரிகிறதா? சித்தி வீட்டில் இதுதான் நடந்தது. ஐந்து நிமிடத்துக்கு ஒரு முறை ரிசீவர் ரீஸ்டார்ட் ஆனது. பொருள் மட்டம் என்று திருப்பித் தரக் கிளம்பிவிட்டார்கள். பார்த்தால், டி.வி.யின் யு.எஸ்.பி. சாக்கெட்டிலிருந்து மின்சாரம் எடுத்திருந்தார்கள். சாதாரண யு.எஸ்.பி. 2.0 சாக்கெட் அரை ஆம்பியர்தான் தரும். பல ரிசீவர்களுக்கு அது போதாது. பழைய போன் சார்ஜருக்கு மாற்றியதும் சரியாகிவிட்டது.

படம் விட்டு விட்டு வருகிறதா? டி.வி.க்குப் பின்னால் இரும்பு அலமாரி இருந்தாலோ, நடுவில் கான்கிரீட் சுவர் இருந்தாலோ அலை குறையும். ரிசீவருடன் வரும் சிறிய நீட்டிப்பு ஒயரைப் பயன்படுத்தி அதை டி.வி.க்கு வெளியே தெரியும்படி வையுங்கள். லேப்டாப் அதே அறையில் இருக்கட்டும்.

சத்தம் மட்டும் லேப்டாப்பிலேயே கேட்கிறதா? டாஸ்க்பாரில் ஸ்பீக்கர் படத்தைக் கிளிக் செய்து, ஒலி வெளியாகும் கருவியாக ரிசீவரைத் தேர்ந்தெடுங்கள்.

சினிமா செயலிகளில் படம் கருப்பாகத் தெரிகிறதா? அது பழுது அல்ல. காப்புரிமைப் பாதுகாப்புக்காக அந்தச் செயலிகள் மிரரிங்கைத் தடுக்கின்றன.

மவுஸ் சற்றுத் தாமதமாக நகர்கிறதா? திரையைச் சுருக்கி, அனுப்பி, விரிப்பதற்கு ஆகும் நேரம் அது. வீடியோவுக்கும் பாடத்துக்கும் பாதகமில்லை. கேம்ஸ் விளையாட ஏற்றதல்ல.

திரையில் எல்லாமே தெரியும்!

மிரரிங் செய்யும்போது உங்களுக்கு வரும் மெசேஜும், வங்கியின் ஓ.டி.பி.யும் டி.வி.யில் பெரிதாகத் தெரியும். எனவே தொடங்கும் முன் போனிலும் லேப்டாப்பிலும் டூ நாட் டிஸ்டர்ப் ஆன் செய்யுங்கள். நோட்டிபிகேஷன்கள் திரையில் தலைகாட்டாது. வேலை முடிந்ததும் டிஸ்கனெக்ட் கிளிக் செய்யுங்கள். டி.வி.யை மட்டும் அணைத்துவிட்டுப் போனால், இணைப்பு அப்படியே இருக்கலாம். ரிசீவரில் பாஸ்வேர்ட் அல்லது பின் நம்பர் வசதி இருந்தால் அதையும் அமைத்துவிடுங்கள். இல்லையென்றால் பக்கத்து வீட்டு போன்கூட உங்கள் டி.வி.யில் இணைய முடியும்.

இன்னொரு முக்கியமான எச்சரிக்கை. நாம் இதுவரை பார்த்த ஸ்கிரீன் ஷேரிங் உங்கள் அறைக்குள் நடப்பது. எனிடெஸ்க் போன்ற செயலிகளிலும், வாட்ஸ்அப் வீடியோ காலிலும் உள்ள ஸ்கிரீன் ஷேரிங், உங்கள் திரையை எங்கோ இருப்பவருக்குக் காட்டுவது. பெயர் ஒன்று, விளைவு வேறு. எனிடெஸ்க் செயலி மூலம் நடக்கும் பண மோசடி பற்றி ரிசர்வ் வங்கி 2019 பிப்ரவரியிலேயே எச்சரித்தது. "டி.வி.யில் இணைத்துத் தருகிறேன்", "கே.ஒய்.சி. முடிக்க வேண்டும்" என்று முன்பின் தெரியாதவர் போன் செய்து ஸ்கிரீன் ஷேர் கேட்டால் இணைப்பைத் துண்டியுங்கள். ரிசீவரை அமைக்க யாருக்கும் உங்கள் திரையைத் தொலைவிலிருந்து காட்ட வேண்டிய தேவையே இல்லை. பணம் போய்விட்டால் உடனே 1930 என்ற எண்ணுக்குப் புகார் செய்யுங்கள்.

வாங்காமலேயே ஒரு வழி

போன் திரையைப் பெரிதாகப் பார்த்தால் போதும் என்பவர்கள் லேப்டாப்பையே ரிசீவராக மாற்றலாம். விண்டோஸ் 11ல் செட்டிங்ஸ், சிஸ்டம், புரொஜெக்டிங் டு திஸ் பிசி என்று செல்லுங்கள். ஒயர்லெஸ் டிஸ்பிளே என்ற கூடுதல் வசதியை இன்ஸ்டால் செய்யச் சொல்லும். இதற்கு மட்டும் ஒரு முறை இன்டர்நெட் தேவை. அதன் பிறகு போனில் உள்ளது லேப்டாப்பில் தெரியும்.

கடைக்குப் போகும் முன் மூன்றைத் துண்டுச் சீட்டில் எழுதிக்கொள்ளுங்கள். டி.வி.யில் ஹெச்.டி.எம்.ஐ. உண்டா? லேப்டாப்பில் விண்டோஸ் கீ, கே அழுத்தினால் என்ன வருகிறது? வீட்டில் பிராட்பேண்ட் உண்டா? இந்த மூன்றுக்கும் பதில் தெரிந்தால், எந்த டாங்கிள் வேண்டும் என்பதையும், டாங்கிளே வேண்டுமா என்பதையும் நீங்களே முடிவு செய்துவிடலாம். கடைக்காரர் முடிவு செய்ய வேண்டியதில்லை.