வலிக்கிற முழங்கையோடு கோல்ப் ஆடலாமா?

புக்கிட் ஜம்புல் மேட்டில் ஞாயிறு காலை ஆட்டம் முடிந்ததும் முழங்கையில் லேசான குடைச்சல். செவ்வாய்க்கிழமை அது மறைந்துவிடுகிறது. அடுத்த ஞாயிறு மறுபடியும் வருகிறது. மூன்று மாதம் போனதும், தண்ணீர்ப் போத்தலின் மூடியைத் திருகினாலே ‘சுரீர்’ என்கிறது. இந்த நிலையில் ஆட்டத்தை அடியோடு விட்டுவிடுவதா, தைலத்தைத் தேய்த்துக்கொண்டு தொடர்வதா? இரண்டுமே சரியான வழியல்ல.

வலிக்கும் இடம் எது என்று முதலில் பார்ப்போம். முன்கைத் தசைகள் முழங்கையின் இரு பக்க எலும்பு முனைகளில், கயிறு போன்ற தசைநாண்களால் பிணைக்கப்பட்டுள்ளன. உள்பக்கம் வலித்தால் அதற்கு ‘கோல்ப் முழங்கை’ என்று பெயர். வெளிப்பக்கம் வலித்தால் ‘டென்னிஸ் முழங்கை’. பெயரைப் பார்த்து ஏமாந்துவிட வேண்டாம். கோல்ப் ஆடுவோருக்கு இரண்டுமே வரும். வலக்கைக்காரர்களுக்குப் பெரும்பாலும் வலக்கையின் உள்பக்கமும் இடக்கையின் வெளிப்பக்கமும் பாதிக்கப்படுகின்றன.

நல்ல ஆட்டக்காரர் ஒருவர் வீசும்போது மட்டையின் தலை மணிக்கு 150 கிலோமீட்டர் வேகத்தையும் தாண்டும். பந்துக்கு முன்னால் தரையில் மோதினால் அந்த அதிர்வு மணிக்கட்டு வழியாகத் தசைநாணுக்கு ஏறுகிறது. அங்கே கொலாஜன் இழைகள் நுண்ணிய அளவில் சிதைகின்றன. சிதைவது தவறல்ல, உடல் அதைச் சரிசெய்துவிடும். ஆனால் தசைநாணுக்கு இரத்த ஓட்டம் குறைவு என்பதால் வேலை மெதுவாகவே நடக்கும். கடும் உழைப்புக்குப் பிந்திய முதல் ஒன்றரை நாள் வரை இழைகள் சேர்வதைவிடச் சிதைவதே அதிகம். அதன் பிறகுதான் கணக்கு நேராகிறது. இடைவெளி விடாமல் அடுத்தடுத்த நாள் ஆடினால் கடன் ஏறிக்கொண்டே போகும்.

அப்படியானால் முழு ஓய்வு எடுத்துக்கொள்ளலாமே? சுமையே இல்லாத தசைநாண் மேலும் பலவீனமாகும். இரண்டு மாதம் கழித்து திடலுக்குத் திரும்பினால் முதல் ஆட்டத்திலேயே வலி திரும்பிவிடும். தேவைப்படுவது சுமையை நிறுத்துவதல்ல, அளந்து கொடுப்பது.

எளிய அளவுகோல் ஒன்று உண்டு. வலிக்கு 0 முதல் 10 வரை மதிப்பெண் போடுங்கள். ஆடும்போது 3-க்குள் இருந்து, மறுநாள் காலை பழைய நிலைக்கு வந்துவிட்டால் அந்த அளவு ஆட்டம் தாங்கக்கூடியது. மறுநாளும் கூடுதலாக வலித்தால் அடுத்த முறை 18 குழிகளுக்குப் பதில் 9 போதும்.

குறைக்க வேண்டிய முதல் இடம் திடலல்ல, பயிற்சிக்கூடம். ஒரு முழு ஆட்டத்தில் பலமான வீச்சுகள் நான்கு மணி நேரத்தில் பரவிக்கிடக்கும். பயிற்சிக்கூடத்திலோ ஒரு மணி நேரத்தில் 100 பந்துகளை அடித்துவிடுகிறோம். அதுவும் சிமெண்டுத் தரைமேல் விரித்த செயற்கைப் புல்லில். பந்தை மேடை முனையில் வைத்து 30 அடியோடு நிறுத்திக்கொள்ளுங்கள்.

நம் ஊர்ப் புழுக்கத்துக்கும் இதில் பங்குண்டு. வியர்வையில் மட்டை வழுக்கும். தேய்ந்த பிடியென்றால் இன்னும் மோசம். வழுக்க வழுக்கக் கை இறுகும். இறுகினால் தசைநாணுக்குச் சுமை கூடும். பிடியை மாற்றுவதும் துண்டு ஒன்றை வைத்திருப்பதும் மலிவான வைத்தியம்.

உள்பக்க வலிக்கு ஒரு பயிற்சி: முன்கையை மேசைமேல் உள்ளங்கை மேலே இருக்கும்படி வைத்து, அரை லிட்டர் போத்தலைப் பிடியுங்கள். மறுகையால் மணிக்கட்டை உயர்த்தி, நான்கு எண்ணுவதற்குள் மெல்ல இறக்குங்கள். 15 முறை வீதம் மூன்று சுற்று. பலன் தெரிய வாரங்கள் ஆகும்.

வலி மாத்திரை போட்டுக்கொண்டு ஆடுவது ஆபத்தான பழக்கம். அது எச்சரிக்கை மணியை அணைக்கிறது. வெயிலில் உடல் நீர் வற்றியிருக்கும்போது சிலவகை மாத்திரைகள் சிறுநீரகத்தையும் பாதிக்கும். இரத்த அழுத்த மருந்து சாப்பிடுவோர் மருத்துவரைக் கேட்காமல் தொடவே கூடாது. ஸ்டீராய்டு ஊசி சில வாரம் சுகம் தரும். ஆனால் டென்னிஸ் முழங்கையில் ஊசி போடாதவர்களைவிடப் போட்டவர்கள் பின்னாளில் பின்தங்குவதை ஆய்வுகள் காட்டியுள்ளன.

2008 அமெரிக்க ஓப்பன் போட்டியில் டைகர் வுட்ஸ் கிழிந்த முழங்கால் தசைநாரோடும் காலெலும்பு விரிசலோடும் 91 குழிகள் ஆடி வென்றார். அதை வீரம் என்று பேசுகிறோம். உடனே அறுவை சிகிச்சை செய்துகொண்டு அந்த ஆண்டின் மீதிப் போட்டிகள் அனைத்தையும் அவர் இழந்ததை மறந்துவிடுகிறோம். ஞாயிற்றுக்கிழமை ஆட்டத்தில் நமக்குக் கிண்ணம் ஏதுமில்லை.

விரல்கள் மரத்துப்போனாலோ, பிடிமானம் தளர்ந்தாலோ, இரவில் வலி தூக்கத்தைக் கெடுத்தாலோ மருத்துவரைப் பாருங்கள். மேடேறும்போது இடக்கை வலியோடு நெஞ்சு இறுக்கமும் குளிர்ந்த வியர்வையும் வந்தால் அது முழங்கைப் பிரச்சினையல்ல, இதயமாக இருக்கலாம். மட்டையை அங்கேயே போட்டுவிட்டு 999-ஐ அழையுங்கள்.