விளக்குக்கு வரும் நீள மீசை வண்டு: மாமரத்தைப் பாருங்கள்!

"மழை பெய்த இரவுகளில் மோட்டார் கொட்டகை விளக்கைச் சுற்றிப் பெரிய வண்டுகள் வருகின்றன. தென்னையைத் தாக்கும் வண்டா இது?" என்று மா சாகுபடி செய்யும் வாசகர்கள் பலர் கேட்கிறார்கள். வண்டின் தலையைப் பார்த்தாலே விடை தெரிந்துவிடும்.

காண்டாமிருக வண்டு: பளபளப்பான கறுப்பு. தலையில் ஒற்றைக் கொம்பு இருக்கும். இதுதான் தென்னையின் எதிரி.

வெள்ளைப்புழுவின் தாய் வண்டு: பழுப்பு நிறம். குட்டையான உணர்கொம்பின் நுனி விசிறிபோல் விரியும். வேப்பிலை, முருங்கை இலைகளைத் தின்னும்.

நீள்கொம்பு வண்டு: உணர்கொம்பு உடல் நீளத்துக்கோ அதற்கு மேலோ இருக்கும். சாம்பல் கலந்த பழுப்பு நிறத்தில், 5 செ.மீ. அளவில், கழுத்துப் பகுதியில் இரண்டு ஆரஞ்சுப் புள்ளிகள் இருந்தால் அது மா தண்டு துளைப்பான். செம்பழுப்பு நிறத்தில் சற்றுச் சிறியதாக இருந்தால் முந்திரி தண்டு, வேர் துளைப்பானாக இருக்கலாம்.

வண்டைவிட அதன் புழுதான் ஆபத்து. தாய் வண்டு பட்டையைக் கீறி முட்டையிடும். கால்களற்ற வெண்மஞ்சள் புழு மரத்துக்குள் பல மாதங்கள் குடைந்து தின்னும். வெளியே தெரிவது மரத்தூளும் பிசினும்தான். ஒரு கிளை மட்டும் வாடினால், தண்ணீர்க் குறைவு என்று விட்டுவிடாதீர்கள். இருபது வருட மரமும் பட்டுப்போகும்.

செய்ய வேண்டியவை:

* விளக்குக்கு வரும் வண்டுகளைப் பொறுக்கி, மண்ணெண்ணெய் கலந்த நீரில் போடுங்கள். விளக்குப்பொறியை மாலை 7 முதல் 10 மணி வரை எரித்தால் போதும். விடிய விடிய எரித்தால் நன்மை செய்யும் பூச்சிகளும் சாகும்.
* வண்டு வந்த மறுநாளே அடிமரத்தையும் கவைகளையும் பாருங்கள். மரத்தூள் தள்ளும் துளையில் வளைந்த கம்பியை விட்டுப் புழுவைக் குத்தி இழுங்கள். பிறகு மண்ணெண்ணெயில் நனைத்த பஞ்சை வைத்துக் களிமண்ணால் அடையுங்கள்.
* காய்ந்த கிளைகளை வெட்டி எரியுங்கள். தோப்பில் போட்டு வைத்தால் உள்ளிருக்கும் புழு வண்டாகிவிடும்.
* தளர்ந்த பட்டையைச் சுரண்டிவிட்டு, தார் 1 பங்கு, மண்ணெண்ணெய் 2 பங்கு கலந்து அடிமரத்தில் ஒரு மீட்டர் உயரம் வரை பூசினால் முட்டையிடாது.
* இலவ மரத்திலும் இந்த வண்டு பெருகும். தோப்பின் அருகில் இருந்தால் அதையும் கவனியுங்கள்.

விளக்குப்பொறி எச்சரிக்கை மணிதான். மரத்துக்குள் இருக்கும் புழு விளக்குக்கு வராது. அதை நாம்தான் தேடிப் போக வேண்டும். சந்தேகமிருந்தால் வண்டைத் தீப்பெட்டியில் போட்டு வேளாண்மை விரிவாக்க மையத்துக்கோ தோட்டக்கலை அலுவலகத்துக்கோ கொண்டு வாருங்கள்.