கலாபகோஸ்: பதினாறு பேர் படகில் எரிமலைத் தீவுகள்

தென் அமெரிக்க நாடான ஈக்வடாரின் கரையிலிருந்து மேற்கே ஏறத்தாழ 1,000 கிலோமீட்டர் தொலைவில், பசிபிக் பெருங்கடலில், நிலநடுக்கோட்டின் இருபுறமும் சிதறிக் கிடப்பது கலாபகோஸ் தீவுக்கூட்டம். பெரிய தீவுகள் 13. குட்டித் தீவுகளையும் பாறைத் திட்டுகளையும் சேர்த்தால் நூற்றுக்கு மேல். நிலப்பரப்பில் 97 விழுக்காடு தேசியப் பூங்கா. சாண்டா குரூஸ், சான் கிறிஸ்டோபல், இசபெலா, ஃபுளோரியானா ஆகிய நான்கு தீவுகளில்தான் ஊர்களும் குடும்பங்களும் உண்டு. மொத்த மக்கள்தொகை 30,000 அளவில்தான் இருக்கும். மற்றத் தீவுகளில் விடுதி இல்லை, கடை இல்லை, பெரும்பாலும் குடிக்கத் தண்ணீர்கூட இல்லை. அங்குள்ள உயிரினங்களைப் பார்க்க வருபவர் படகிலேயே உண்டு, படகிலேயே உறங்கி, பகலில் மட்டும் கரையேறித் திரும்ப வேண்டும். 1960களின் இறுதியில் தொடங்கிய இந்த முறைதான் இன்று உலகெங்கும் அறியப்பட்ட கலாபகோஸ் படகுப் பயணம்.

படகுகள் பல வகை. பாய்மரக் கப்பல்கள் உண்டு, இயந்திர யாட்டுகள் உண்டு, இரட்டை உடல் கொண்ட கேட்டமரான்கள் உண்டு. எந்தக் கப்பலும் 100 பயணிகளுக்கு மேல் ஏற்றக் கூடாது. பெரும்பாலான படகுகளில் 16 பேர்தான். இந்தப் பதினாறு ஏதோ ஒரு எண் அல்ல. கரையில் ஒரு வழிகாட்டி 16 பேருக்கு மேல் அழைத்துச் செல்லக் கூடாது என்பது பூங்காவின் விதி. அதனால் ஒரு படகு, ஒரு வழிகாட்டி, ஒரு குழு என்று கணக்கு சரியாக அமைகிறது. பெரிய கப்பலில் பல குழுக்கள் ஒன்று இறங்க ஒன்று காத்திருக்க வேண்டியிருக்கும். சிறு படகில் எல்லோரும் ஒரே நேரத்தில் இறங்கி, ஒரே நேரத்தில் திரும்பலாம். ஆகவே விலங்குகளோடு கழியும் நேரம் கூடுகிறது. பாதையில் கூட்டமும் சேர்வதில்லை.

படகு நினைத்த இடத்துக்குப் போக முடியாது. எந்த நாள், காலையா மாலையா, எந்தக் கரை என்பதையெல்லாம் பூங்கா நிர்வாகமே அட்டவணை போட்டுத் தருகிறது. 2012 முதல், சில விதிவிலக்குகள் நீங்கலாக, ஒரு படகு ஒரே இடத்துக்கு 14 நாட்களுக்குள் மறுபடி வரக் கூடாது. புகழ்பெற்ற சில கரைகளிலேயே எல்லாப் படகுகளும் குவிவதை இது தடுத்தது. இதனால் பயணங்கள் பெரும்பாலும் இரண்டு சுற்றுகளாகப் பிரிந்தன. ஒன்று மேற்கே இசபெலாவையும் ஃபெர்னாண்டினாவையும் சுற்றும். மற்றொன்று கிழக்கிலும் வடக்கிலும் உள்ள தீவுகளுக்குச் செல்லும். ஒரே பயணத்தில் எல்லாவற்றையும் பார்த்துவிட முடியாது. எந்த விலங்கைப் பார்க்க ஆசையோ, அதற்கேற்ற சுற்றைத் தேர்ந்துகொள்வதே புத்திசாலித்தனம்.

கிழக்குக்கும் மேற்குக்கும் இவ்வளவு வேறுபாடு எப்படி வந்தது என்பதற்கு விடை தீவுகள் பிறந்த விதத்தில் இருக்கிறது. பூமியின் ஆழத்திலிருந்து வெப்பம் மேலெழும் ஓரிடம் இத்தீவுகளின் மேற்கு ஓரத்தில் உள்ளது. அதன் மேலே நாஸ்கா எனும் புவித்தட்டு ஆண்டுக்குச் சில சென்டிமீட்டர் வீதம் கிழக்கு நோக்கி நகர்கிறது. எரிமலை கடலடியிலிருந்து எழுந்து தீவாகும்; தட்டு அதைக் கிழக்கே இழுத்துச் செல்லும்; பழைய இடத்தில் புதிய எரிமலை எழும். எனவே கிழக்கிலுள்ள எஸ்பனோலாவும் சான் கிறிஸ்டோபலும் பல லட்சம் ஆண்டுகளாகத் தேய்ந்து தாழ்ந்த முதிய தீவுகள். மேற்கிலுள்ள ஃபெர்னாண்டினா இன்னும் வளர்ந்துகொண்டிருக்கிறது. 2024 மார்ச் தொடக்கத்தில் அது மீண்டும் வெடித்தபோது, சரிவில் இறங்கிய நெருப்புக் குழம்பைக் கடலில் சென்ற படகுகளிலிருந்து பார்க்க முடிந்தது. இசபெலாவின் உர்பினா விரிகுடாவில் 1954இல் கடலடி திடீரெனப் பல மீட்டர் மேலே தூக்கப்பட்டது. கடலில் இருந்த பவளத் திட்டுகள் இன்று கரையில் வறண்டு நிற்கின்றன, அவற்றுக்கிடையே பாதை செல்கிறது.

இவை ஒருபோதும் கண்டத்தோடு ஒட்டியிருந்த நிலங்கள் அல்ல. இங்கே வந்த ஒவ்வோர் உயிரும் பறந்தோ, நீந்தியோ, ஆற்று வெள்ளம் அடித்துவந்த மரக்கூட்டங்களில் மிதந்தோதான் வந்திருக்க வேண்டும். பசியும் தாகமும் தாங்கும் ஊர்வன பிழைத்துக் கரை சேர்ந்தன; பெரிய பாலூட்டி வேட்டை விலங்குகள் எதுவும் சேரவில்லை. நரியும் பூனையும் இல்லாத கரையில் தலைமுறை தலைமுறையாக வாழ்ந்த பறவைகளுக்கு, தரையில் நடந்து வருவதைக் கண்டு அஞ்சும் பழக்கமே உருவாகவில்லை. பாதையின் நடுவில் முட்டையை அடைகாக்கும் நீலக்கால் பூபி, மனிதர் வந்தால் எழுந்து பறப்பதில்லை. மனிதர்தான் சுற்றிப் போக வேண்டும்.

ஒரு நாளின் ஒழுங்கு ஏறக்குறைய எல்லாப் படகுகளிலும் ஒன்றே. தீவுக்குத் தீவு செல்லும் நீண்ட ஓட்டம் இரவில் நடக்கும். விடியும்போது படகு புதிய கரைக்கு முன் நங்கூரமிட்டிருக்கும். பார்வையிடங்கள் காலை 6 மணி முதல் மாலை 6 மணி வரைதான் திறந்திருக்கும். கரைக்குப் போவது 'பாங்கா' என்று அங்கே அழைக்கப்படும் ரப்பர் படகில். ஏறும்போதும் இறங்கும்போதும் கையைக் கோத்துக்கொள்வது கிடையாது. படகோட்டியும் பயணியும் ஒருவர் முன்கையை மற்றவர் மணிக்கட்டுக்கு மேல் பற்றிக்கொள்ள வேண்டும். ஈரக் கை வழுக்கினாலும் பிடி விடாது. சில கரைகளில் பாறையின் மேல் நேரே கால் வைக்கலாம். சிலவற்றில் செருப்பைக் கையில் எடுத்துக்கொண்டு முழங்கால் ஆழத் தண்ணீரில் இறங்கி நடக்க வேண்டும். திரும்பி வந்ததும் படகின் பின்தளத்தில் காலும் காலணியும் கழுவப்படும். மேல்தளத்தைச் சுத்தமாக வைத்திருக்க மட்டும் இதைச் செய்வதில்லை. ஒரு தீவின் விதை ஒட்டிக்கொண்டு அடுத்த தீவுக்குப் போய்விடக் கூடாது.

மேற்குச் சுற்றின் உச்சம் ஃபெர்னாண்டினாவின் எஸ்பினோசா முனை. கறுத்து இறுகிய எரிமலைப் பாறையின் மேல், அதே நிறத்தில், ஒன்றின்மேல் ஒன்றாக நூற்றுக்கணக்கான கடல் இகுவானாக்கள் படுத்திருக்கும். கடலில் இரை தேடும் பல்லியினம் உலகில் இது ஒன்றுதான். பெரிய ஆண் இகுவானாக்கள் குளிர்ந்த நீரில் மூழ்கிப் பாறையில் முளைத்த பாசியைக் கொறித்துத் தின்னும். உடல் குளிர்ந்து தளர்ந்ததும் கரையேறி வெயிலில் ஒட்டிக் கிடக்கும். உணவோடு உள்ளே போன உப்பைத் தனிச் சுரப்பி பிரித்தெடுக்க, அது மூக்கின் வழியே தும்மலாக வெளியேறுகிறது. அந்தத் தூறல் அவற்றின் தலையிலேயே விழுந்து உலர்வதால் நெற்றி வெளுத்திருக்கும். எல் நினோ ஆண்டுகளில் கடல் சூடேறிப் பாசி அழியும்போது இவை இன்னொரு வியப்பைக் காட்டுகின்றன: உடலின் நீளமே குறைகிறது, சிலவற்றில் 20 விழுக்காடு வரை. பாசி திரும்பியதும் மறுபடி வளர்கின்றன.

அதே முனையில் பறக்கும் திறனை இழந்த நீர்க்காகம் கூடு கட்டுகிறது. இறக்கைகள் சூம்பிப்போய், பறக்கத் தேவையான அளவில் மூன்றில் ஒரு பங்குதான் இருக்கும். ஆனாலும் கரையேறியதும் மற்ற நீர்க்காகங்களைப் போலவே அவற்றை விரித்து உலர்த்தும். இரை தேடிவிட்டுத் திரும்பும் பறவை வெறும் அலகோடு வருவதில்லை. ஒரு கற்றை கடற்பாசியைக் கொண்டுவந்து கூட்டிலிருக்கும் துணைக்குக் கொடுக்கும். இந்த நீர்க்காகம் ஃபெர்னாண்டினாவையும் இசபெலாவின் கரைகளையும் தவிர உலகில் வேறெங்கும் கிடையாது. நிலநடுக்கோட்டில் பென்குயின் வாழ்வதும் பெரும்பாலும் இந்தப் பக்கத்தில்தான். குரோம்வெல் எனும் ஆழ்கடல் நீரோட்டம் மேற்கிலிருந்து வந்து தீவுகளின் அடிவாரத்தில் மோதி, சத்து நிறைந்த குளிர்ந்த நீரை மேலே தள்ளுகிறது. மீன் செழிக்கிறது, மீனை நம்பிய பறவைகளும் செழிக்கின்றன.

கிழக்கில் எஸ்பனோலா. அலைவரி அல்பட்ராஸ் பறவைகள் ஏறக்குறைய எல்லாமே இந்த ஒரு தீவில்தான் குஞ்சு பொரிக்கின்றன. ஏப்ரலில் வந்து, டிசம்பர் கடைசியில் கடலுக்குப் போய்விடும். இடைப்பட்ட மாதங்களில் சுவாரெஸ் முனையில் இணைகள் எதிரெதிரே நின்று, அலகோடு அலகை விரைந்து தட்டி, தலையைப் பக்கவாட்டில் அசைத்து, வானத்தை நோக்கிக் கூவி, மீண்டும் முதலிலிருந்து தொடங்கும். இரண்டு மீட்டருக்கு மேல் விரியும் இறக்கைகளோடு தரையிலிருந்து எழுவது எளிதல்ல. ஆகவே தத்தித் தத்தி நடந்து செங்குத்துப் பாறையின் விளிம்புக்கு வந்து, காற்று மோதும்வரை காத்திருந்து, அப்படியே முன்னால் சாய்ந்து விழும். நடையில் இருந்த தடுமாற்றம் அந்த நொடியிலேயே மறைந்துவிடும்.

வடக்கே ஜெனோவேசா தீவு, சரிந்து கடல் புகுந்த எரிமலை வாய். படகு அந்த வாய்க்குள்ளேயே நுழைந்து நங்கூரமிடுகிறது. செங்கால் பூபிகள் மரக்கிளைகளில் கூடு கட்ட, நாஸ்கா பூபிகள் தரையில் அடைகாக்கின்றன. பெட்ரல் எனும் சிறு கடற்பறவைகள் பாறைப் பிளவுகளுக்கு மேலே பகலிலேயே கூட்டமாகச் சுழல்கின்றன. பாறை நிறத்தில் அசையாமல் நிற்கும் குட்டைக்காது ஆந்தை ஒன்று பிளவின் வாயில் அவற்றுக்காகக் காத்திருக்கும். பழகிய வழிகாட்டியின் கண்ணுக்குத்தான் அது முதலில் தட்டுப்படும்.

ராட்சத ஆமைகளைப் பார்ப்பது பெரும்பாலும் மக்கள் வாழும் தீவுகளின் மேட்டு நிலங்களில். இந்த ஆமைகளின் கதை வேதனையானது. உணவும் நீரும் இல்லாமல் பல மாதங்கள் உயிரோடிருக்கும் என்பதால், திமிங்கில வேட்டைக் கப்பல்கள் இவற்றைக் கெடாத இறைச்சியாகக் கப்பலின் அடித்தளத்தில் அடுக்கிச் சென்றன. ஒரு லட்சத்துக்கும் மேற்பட்டவை இப்படி அழிந்ததாகக் கணிப்பு. மனிதர் விட்டுச்சென்ற ஆடுகள் மீதிப் புல்லையும் தின்றன. பிண்டா தீவின் கடைசி ஆமை 'லோன்சம் ஜார்ஜ்' 2012 ஜூன் 24 அன்று இறந்தது. அந்த இனம் அத்தோடு முடிந்தது. எஸ்பனோலாவில் எஞ்சியவை 14. அவற்றோடு அமெரிக்காவின் சான் டியேகோ விலங்குக்காட்சியகத்திலிருந்து வந்த டியேகோ எனும் ஆண் ஆமையையும் சேர்த்து இனப்பெருக்கம் செய்ததில், ஏறத்தாழ 2,000 ஆமைகள் தீவுக்குத் திரும்பின. 2020இல் டியேகோவும் திரும்பியது. இசபெலாவின் வடபகுதியிலும் சாண்டியாகோவிலும் பிண்டாவிலும் ஒன்றரை லட்சத்துக்கும் மேற்பட்ட ஆடுகள் 2006க்குள் அகற்றப்பட்டன.

இத்தனை உழைப்பையும் குலைக்க ஒரு பழமோ ஒரு பூச்சியோ போதும். அதனால்தான் ஈக்வடார் நிலப்பகுதியில் விமானம் ஏறும் முன்பே பைகள் சோதிக்கப்படுகின்றன. படகுகளின் அடிப்பகுதியில் வேற்றிடத்துச் சிப்பியோ பாசியோ ஒட்டியிருக்கிறதா என்றும் பார்க்கப்படுகிறது. எப்போதோ வந்து சேர்ந்த ஃபிலோர்னிஸ் எனும் ஈயின் புழுக்கள் இன்று கூடுகளில் குஞ்சுகளின் இரத்தத்தைக் குடிக்கின்றன. டார்வின் குருவிகளில் ஒன்றான அலையாத்திக் குருவி நூறு அளவுக்குச் சுருங்கியதில் இந்த ஈக்கும் பங்குண்டு. எண்ணெயின் ஆபத்து 2001 ஜனவரியில் தெரிந்தது. ஜெசிகா எனும் எண்ணெய்க் கப்பல் சான் கிறிஸ்டோபல் அருகே தரைதட்டியது; அது சுமந்த எரிபொருளில் ஒரு பகுதி சுற்றுலாக் கப்பல் ஒன்றுக்கானது. காற்றும் நீரோட்டமும் எண்ணெயைப் பெரும்பாலும் திறந்த கடலுக்குக் கொண்டுசென்றன. ஆயினும் சிறிதளவே எண்ணெய் எட்டிய சாண்டா ஃபே தீவில், அடுத்த ஓராண்டுக்குள் கடல் இகுவானாக்களில் 62 விழுக்காடு மடிந்தன. பாதையை விட்டு விலகாதே, விலங்கிடமிருந்து 2 மீட்டர் தள்ளி நில், உணவு கொண்டு வராதே, ஃபிளாஷ் போடாதே என்று வழிகாட்டி ஒவ்வொரு கரையிலும் சொல்வதைச் சலிப்போடு கேட்பவர் இந்த 62 விழுக்காட்டை ஒருமுறை நினைத்துக்கொள்ள வேண்டும்.

ஜனவரி முதல் மே வரை வெப்பமும் மழையும். கடல் அமைதியாகவும் நீர் இதமாகவும் இருக்கும். ஜூன் முதல் நவம்பர் வரை பனித்தூறல் போன்ற காருவா படர்ந்து குளிர்ந்த பருவம். கடலில் இரை மிகும், அலையும் மிகும். சிறு படகு ஆடத்தான் செய்யும். ஆகஸ்ட், செப்டம்பரில் இரவு ஓட்டத்தின்போது தலைசுற்றல் வருபவர்கள் கீழ்த்தளத்தில், படகின் நடுப்பகுதியில் உள்ள அறையைக் கேட்டு வாங்குவது நல்லது. ஆட்டம் அங்கே குறைவு.

இந்தப் பயணம் விலை உயர்ந்தது என்பதை மறைப்பதற்கில்லை. ஒரு வாரத்துக்குச் சில ஆயிரம் டாலர்கள் ஆகின்றன. படகுகளின் படுக்கை எண்ணிக்கைக்கு உச்சவரம்பு உள்ளதால் விலை இறங்க வழியும் இல்லை. வருபவர்கள் தொகையோ ஏறிக்கொண்டே போய் 2023இல் 3 லட்சத்தைத் தாண்டியது. கூடுதலாக வருபவர்கள் பெரும்பாலும் புவெர்ட்டோ அயோரா போன்ற ஊர்களின் விடுதிகளில் தங்கி, விரைவுப் படகுகளில் பகல் பயணம் போய் வருகிறார்கள். உள்ளூர்க் குடும்பங்களுக்கு இது நேரடி வருமானம். அதை யாரும் குறை சொல்ல முடியாது. ஆனால் குடிநீர், கழிவு, நிலப்பகுதியிலிருந்து வரும் சரக்கு ஆகியவற்றின் சுமையும் அந்த ஊர்கள்மீதுதான் ஏறுகிறது. படகுகளுக்கு விதித்ததைப் போன்ற தெளிவான வரம்பு தரைச் சுற்றுலாவுக்கும் வந்தாக வேண்டும். 2024 ஆகஸ்ட் முதல் வெளிநாட்டுப் பயணிகளின் நுழைவுக் கட்டணம் 100 டாலரிலிருந்து 200 டாலராக உயர்த்தப்பட்டது. அந்தத் தொகை பூங்கா நிர்வாகத்துக்கும் தீவுகளின் உள்ளாட்சி அமைப்புகளுக்கும் பிரித்துத் தரப்படுகிறது.